நீரில் ஊதிப் பருக்கும் மாத்திரையைப் பொடிக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மாத்திரை விழுங்கச் சிரமப்படும் முதியோருக்கு அதைப் பொடித்துக் கொடுக்கலாம் என்று தங்கள் நாளிதழின் உடல்நலப் பகுதியில் வந்த யோசனை, சாதாரண மாத்திரைகள் பலவற்றுக்குப் பொருந்தலாம். பெயரின் பின்னால் எஸ்ஆர், இஆர், எக்ஸ்ஆர் என்ற எழுத்துகள் உள்ள, அதாவது மருந்தைப் பல மணி நேரம் சிறிது சிறிதாக வெளிவிடும் மாத்திரைகளுக்குப் பொருந்தாது. 'பொடிக்காதீர்கள்' என்று மட்டும் சொன்னால் பலரும் காதில் வாங்குவதில்லை என்பது மருந்தாக்கவியல் கற்பித்த எனக்குத் தெரியும். எனவே காரணத்தையும் எழுதுகிறேன்.

இவ்வகை மாத்திரைகள் பலவற்றில் ஹைப்ரோமெல்லோஸ் போன்ற பாலிமர் மருந்தோடு கலந்து அழுத்தப்பட்டிருக்கிறது. செல்லுலோஸிலிருந்து பெறப்படும் இப்பொருள் உலர்ந்திருக்கும்போது விறைப்பாக இருக்கும். நீர் புகுந்ததும் அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் தளர்ந்து விரிய, சில நிமிடங்களிலேயே மாத்திரையைச் சுற்றி வழவழப்பான கூழ்ப்படலம் உருவாகிவிடும். அதன்பின் உள்ளே போகும் நீரையும் வெளியே வரும் மருந்தையும் மட்டுப்படுத்துவது அப்படலமே. வெதுவெதுப்பான நீரில் ஓரிரு மணி நேரம் ஊறிய மாத்திரையைப் பிளேடால் குறுக்கே வெட்டினால், வெளியே ஒளி ஊடுருவும் கூழும் நடுவே இன்னும் நனையாத வெள்ளைக் கருவும் தெரியும்.

சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் போல நீரில் எளிதில் கரையும் மருந்து பெரும்பாலும் அக்கூழின் ஊடே பரவி வெளியேறும். கரைதிறன் குறைந்த மருந்தோ, கூழின் மேற்பரப்பு சிறிது சிறிதாகக் கரைந்து தேயும்போது அதனோடு விடுபடும். பரவி வரும் மருந்து கடக்க வேண்டிய தொலைவு நேரம் ஆக ஆகக் கூடுவதால், வெளியேறும் வேகம் குறைந்துகொண்டே வரும். வெளியேறிய அளவு நேரத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று மருந்தாக்கவியல் அறிஞர் டகேரு ஹிகுச்சி 1961-இல் களிம்புகளுக்காக வகுத்த சமன்பாடு இங்கும் ஓரளவு கைகொடுக்கிறது. ஊதுவதும் தேய்வதும் சேர்ந்துகொள்வதால் கணக்கு முழுதும் நேராக வருவதில்லை. வேகத்தைத் தீர்மானிக்கத் தயாரிப்பாளர் முக்கியமாக மாற்றுவது பாலிமரின் அளவையும் பாகுத்தன்மையையும் (கரைசலின் கெட்டித்தன்மையை) தான். 2 சதவீதக் கரைசலில் ஏறத்தாழ 4,000 மில்லிபாஸ்கல்-விநாடி (பாகுத்தன்மையை அளக்கும் அலகு) பாகுத்தன்மை தரும் ரகமும் உண்டு, 1,00,000 தரும் ரகமும் உண்டு.

இவ்வளவும் மாத்திரை முழு உருவில் இருக்கும்வரைதான். பொடித்துவிட்டால் நீர் படும் பரப்பு பன்மடங்காகி, 12 அல்லது 24 மணி நேரத்துக்கென வைத்த மருந்து குறுகிய நேரத்திலேயே இரத்தத்தில் சேரக்கூடும். இரத்த அழுத்த மருந்தானால் அழுத்தம் சட்டெனச் சரியலாம், பிந்திய மணி நேரங்களிலோ மருந்தே போதாமல் போகலாம். நடுவில் கோடு உள்ள சில மாத்திரைகளைத் தயாரிப்பாளரின் குறிப்பு அனுமதித்தால் பாதியாக்கலாம். அப்போதும் மெல்லக் கூடாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மருந்து வெளியேறிய பிறகும் ஊதிய மாத்திரையின் மிச்சம் சில வேளைகளில் மலத்தில் காணப்படும். மருந்து வேலை செய்யவில்லை என்று அஞ்சி, அதே வேளைக்கு இன்னொரு மாத்திரை போடுவது ஆபத்து.

விழுங்க முடியாதவர்களுக்குத் திரவ மருந்தோ, உடனே கரையும் மாத்திரையோ பல மருந்துகளில் கிடைக்கிறது. அப்படி மாற்றும்போது அளவையும் வேளைகளையும் மருத்துவர்தான் திருத்தித் தர வேண்டும் என்பதால், அந்த யோசனைக்கு ஒரு திருத்தக் குறிப்பை அதே பகுதியில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாக்கவியல் ஆசிரியர்