விண்டோஸ் பதினொன்றும் உன் மேஜை இழுப்பறையும்

அன்புள்ள மாப்ளே,

இத்தனை நாள் பதில் போடாததற்குத் திட்டுவதென்றால் இந்தப் பத்தியிலேயே திட்டி முடித்துவிடு; எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டைப் பிரித்ததும் முதல் காரியமாக என் தலையைப் பார்த்துவிட்டு, "எப்போடா இவ்வளவு கொட்டிச்சு?" என்று கேட்டார். மகள் பத்தாவது வந்துவிட்டாள். நம் கேம் கூட்டத்து வாத்தியார் வழக்கம்போல யாரையாவது திருத்திக்கொண்டிருக்கிறார். குடும்பச் செய்தி முடிந்தது.

விஷயம் என் கம்ப்யூட்டர். சிரிக்காதே. 2017-ல் நாம் இரண்டு பேரும் ஆளுக்கொன்றாக வாங்கி ஒன்றாகவே பூட்டிய அதே பெட்டிதான். ஏஎம்டியின் ரைசன் 5 1600 பிராசஸர், பி350 மதர்போர்டு, எட்டெட்டாகப் பதினாறு ஜிபி டிடிஆர்4 ரேம். நடுவில் கிராஃபிக்ஸ் கார்டை மட்டும் மாற்றினேன். நீ "பாட்டிக்கு ஓய்வு" என்று சொல்லிவிட்டு டிடிஆர்5 ரேம் போட்ட புது மாளிகைக்குக் குடிபோய்விட்டாய். என் பாட்டி இன்னும் ராத்திரி கேம் சண்டைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறாள்.

இப்போது கேள்வி இரண்டு. விண்டோஸ் 10-ஐ விட்டு 11-க்குப் போவதா? ரேமை முப்பத்திரண்டு ஜிபி ஆக்குவதா? உன் பதில் தெரியும்: "எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குடா." அதனால்தான் போனில் கேட்காமல் கடிதம் எழுதுகிறேன். நடுவில் புகுந்து பேச முடியாது பார்.

முதலில் விண்டோஸ். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு 10-க்கு ஆதரவு முடிந்தது. மறுநாள் காலையில் பெட்டி நின்றுவிடவில்லை. கேம் அதே மாதிரி ஓடியது. புதிதாக ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைக்க ஆள் வரமாட்டார்கள், அதுதான் வித்தியாசம். தனிநபர்களுக்கு ஒரு வருஷ நீட்டிப்பு உண்டு, 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் வரும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, அமைப்புகளை அவர்கள் கிளவுடில் சேமிக்கச் சம்மதித்தால் காசில்லாமலே கிடைக்கும். அதில் சேர்ந்துவிட்டேன். ஆக, அவசரம் இல்லை. ஆனால் கெடு இருக்கிறது.

11 என்ன கேட்கிறது? டிபிஎம் 2.0 (ரகசியச் சாவிகளைப் பூட்டிவைக்கும் பெட்டகம்), செக்யூர் பூட் (பெட்டி எழும்போதே கள்ள மென்பொருள் புகாமல் தடுக்கும் காவல்), அப்புறம் அனுமதித்த பிராசஸர்களின் பட்டியல். டிபிஎம்முக்கென்று தனிச் சில்லு எதுவும் தேட வேண்டாம், நம் ரைசனுக்குள்ளேயே எஃப்டிபிஎம் என்று இருக்கிறது, பயாஸில், அதாவது பெட்டி எழும்போது முதலில் ஓடும் மதர்போர்டு மென்பொருளில், ஆன் செய்தால் போதும். செக்யூர் பூட்டுக்குக் கொஞ்சம் வேலை வைத்தது. அன்றைக்கு நாம் அவசரத்தில் டிஸ்க்கை எம்பிஆர் என்ற பழைய பிரிப்பு முறையில் போட்டிருந்தோம், ஞாபகம் இருக்கிறதா? அதை ஜிபிடி என்ற புது முறைக்கு மாற்றினால்தான் பயாஸில் சிஎஸ்எம் என்ற பழைய முறை ஆதரவை அணைக்க முடியும், சிஎஸ்எம் போனால்தான் செக்யூர் பூட் வரும். விண்டோஸோடு வருகிற எம்பிஆர்2ஜிபிடி என்ற சின்னக் கருவி அதை டேட்டா அழியாமல் செய்துகொடுத்தது. பேக்கப் எடுத்துவிட்டுத்தான் செய்தேன். நீ கேட்பாய் என்று தெரியும்.

இவ்வளவும் சரியாகி, கடைசியில் பட்டியலில் இடித்தது. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையிலிருந்து, ரைசன் என்றால் 2000 வரிசையிலிருந்து. நம்முடையது 1000 வரிசை. ஒரே ஒரு வரிசை, மாப்ளே!

ஏன் என்று தேடிப் படித்தேன். 11-ல் மெமரி இன்டெக்ரிட்டி என்று ஒரு காவல் இருக்கிறது. கண்ட டிரைவரும் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) விண்டோஸின் மையமான கெர்னலுக்குள் நுழைந்து ஆட்டம் போடாமல் தடுப்பது அதன் வேலை. புதிய பிராசஸர்களில் அதற்கென்றே வன்பொருள் வசதி உண்டு; நம் முதல் தலைமுறை ரைசனில் கிடையாது, மென்பொருளே முழுச் சுமையையும் தூக்கவேண்டும், வேகம் அடிவாங்கும். சரி, நியாயம். ஆனால் அந்த வசதி 2000 வரிசையிலும் இல்லையே, அதை மட்டும் எப்படிச் சேர்த்தார்கள் என்று கேட்காதே. நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இதில் வேடிக்கை என்னவென்றால், கேம் ஆடும்போது வேகம் வேண்டுமானால் இந்தக் காவலை அணைத்துவிட்டு, ஆடி முடித்ததும் மறுபடி போட்டுக்கொள்ளலாம் என்று 2022-ல் மைக்ரோசாஃப்டே வழி சொல்லிக்கொடுத்தது.

குறுக்கு வழியில் 11-ஐ ஏற்றலாம் என்கிறான் நம் கூட்டத்துப் பொடியன். ஏறும், ஓடவும் செய்யும். ஆனால் பட்டியலில் இல்லாத பெட்டிக்கு அப்டேட் தருவோம் என்று அவர்கள் உறுதி சொல்வதில்லை. அப்டேட்டுக்காகத்தான் இந்தப் பாடே. அதையே சந்தேகத்தில் விட்டுவிட்டு 11-க்குப் போவதற்குப் பேசாமல் 10-லேயே இருந்துவிடலாம்.

வாத்தியார் விண்டோஸை விட்டு லினக்ஸ் இயங்குதளத்தின் பக்கம் வரச்சொல்கிறார். முன்னே மாதிரி இல்லை, ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கேம் கருவியே லினக்ஸில்தான் ஓடுகிறது, புரோட்டான் என்ற இணைப்பு மென்பொருள் தயவில் பெரும்பாலான விண்டோஸ் கேம்களும் ஓடுகின்றன. நான் மட்டும் இருந்தால் போய்விடுவேன். மகள் வேலோரண்ட் ஆடுகிறாள். அதன் ஏமாற்றுத் தடுப்பு லினக்ஸில் ஓடாது, விண்டோஸ் 11-லோ டிபிஎம்மும் செக்யூர் பூட்டும் இல்லாமல் கேமுக்குள்ளேயே விடாது. அதனால் குறுக்கு வழிக்காரர்களுக்கு அங்கேயும் ஒரு கதவு சாத்தியிருக்கிறது.

ஒன்று சொல்கிறேன், கிண்டல் பண்ணாதே. நான் மட்டும் ஆடுகிற பெட்டியாக இருந்தால் இந்த அப்டேட்டுக்கெல்லாம் கவலைப்படவே மாட்டேன். போனால் ஒரு சேவ் ஃபைல் போகும். ஆனால் அவள் பள்ளிக் கணக்கு, அப்பாவின் மருத்துவ ரிப்போர்ட், வீட்டுப் பண விவகாரம் எல்லாம் இதே பெட்டியில்தான். அவள் வயசுப் பிள்ளைகள் கேமை மாற்றியமைக்கும் மாட் என்று எவனோ அனுப்புகிற ஃபைலை யோசிக்காமல் திறக்கிறார்கள். நாமும் அப்படித்தான் திறந்தோம். அன்றைக்குத் திருடுவதற்கு நம்மிடம் ஒன்றும் இல்லை. கெடு தேதிக்குப் பிறகு இதை இப்படியே விட எனக்கு மனசில்லை.

சரி, ரேமுக்கு வருகிறேன். எனக்கு உண்மையில் பிடித்த பகுதி இதுதான், நீ கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவேண்டும்.

கேமில் நம் கோட்டைப் பக்கம் வளைவில் திரும்பும்போதெல்லாம் படம் அரை விநாடி உறைகிறது. சராசரி எஃப்பிஎஸ் (விநாடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) நன்றாகத்தான் இருக்கிறது, அந்த உறைச்சல் மட்டும் போகவில்லை. பொடியன் டிரைவரைக் குறை சொன்னான், வாத்தியார் பொதுவாக என்னைக் குறை சொன்னார். இரண்டாவது திரையில் டாஸ்க் மேனேஜரைத் திறந்துவைத்து ஆடினேன். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரி. கேம், குரல் அரட்டை, பின்னால் மகள் மூடாமல் விட்ட பிரவுசர் டேப் அத்தனையும் சேர்ந்து, பதினாறில் பதினைந்துக்கு மேல் நிற்கிறது. அதற்குக் கீழே கமிட்டட் என்று ஒரு எண் இருக்கும் பார், அது இருபத்திரண்டு! நிஜமாக இருப்பது பதினாறு, வாக்குக் கொடுத்திருப்பது இருபத்திரண்டு. வளைவில் திரும்பினேன், டிஸ்க் வரைபடம் செங்குத்தாக எழுந்தது, படம் நின்றது, இரண்டும் ஒரே கணத்தில். ரேமில் இடமில்லாமல் விண்டோஸ் சாமான்களை டிஸ்க் என்கிற பரணில் ஏற்றி வைத்திருக்கிறது. கேம் கேட்கும்போது ஏணி போட்டு இறக்கிக்கொண்டிருக்கிறது. எஸ்எஸ்டி டிஸ்க் எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் ரேமுக்குப் பக்கத்தில் அது மந்தம்தான். பிரவுசரை மூடிவிட்டு அதே வளைவில் திரும்பினால் உறைச்சல் இல்லை.

ஆகவே எனக்கு ரேம் வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. விண்டோஸை மாற்றினால் இந்த உறைச்சல் போகாது என்பதிலும் சந்தேகமில்லை. 11-க்குப் போனால் கேம் பறக்கும் என்று பொடியன் சொல்வது நம் பெட்டிக்குப் பொருந்தாது. இன்டெல் 12-ஆம் தலைமுறையிலிருந்து பிராசஸருக்குள் வேலை செய்யும் கோர்கள் பெரிய கோர், சின்னக் கோர் என்று கலந்து வருகிறதே, அதில் எந்த வேலையை எந்தக் கோருக்குத் தருவது என்பதில் 11 கெட்டிக்காரன். நம்முடையதில் ஆறு கோரும் ஒரே அளவு.

ரேமில் உனக்கே தெரிந்த சங்கதி ஒன்று. பொடியன் தன் பெட்டிக்குப் பதினாறு ஜிபியை ஒரே துண்டாக வாங்கி மாட்டியிருந்தான், ஸ்டிக்கரில் வேகம் 3200. திறந்து பார்த்தால் 2133-ல் ஓடிக்கொண்டிருக்கிறது. ரேமை ஸ்டிக்கர் வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பியைப் பயாஸில் யாரும் ஆன் செய்யவில்லை. ஒற்றைத் துண்டு என்பதால் டேட்டா இரண்டு பாதையில் ஓடும் டூயல் சேனலும் இல்லை. பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நாலாவது ரேம் பள்ளங்களில் இரண்டு துண்டு போட்டு, எக்ஸ்எம்பியையும் போட்டுவிட்ட பிறகு அவன் முகத்தைப் பார்க்கவேண்டுமே. இந்த வைத்தியத்தை நாம் 2017-லேயே செய்துவிட்டதால் என் பெட்டியில் இனி கறக்க ஒன்றுமில்லை. அளவைத்தான் கூட்டவேண்டும்.

அங்கேதான் விலை குறுக்கே நிற்கிறது. உலகத்து ரேமில் பெரும்பங்கைச் செய்வது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்றே மூன்று பேர். ஏஐ டேட்டா சென்டர்கள் கேட்கிற உயர்ரக மெமரி பக்கம் மூவரும் சாய்ந்துவிட்டார்கள். 2025 கடைசியில் விலை பல மடங்கு ஏறியது. அந்த டிசம்பரில் மைக்ரான் தன் குரூஷியல் பெயரில் பொதுமக்களுக்கு விற்பதையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. நீ சொல்கிற "எல்லாமே புதுசு" என்பதில் பணத்தில் நல்ல பங்கு டிடிஆர்5-க்கே போய்விடும். நீ ஏறுவதற்கு முன்னால் வாங்கிவிட்டாய். அதை உன் சாமர்த்தியம் என்று வேறு சொல்லிக்கொண்டு திரிகிறாயாம், எனக்குச் செய்தி வந்தது.

இப்போது என் தீர்மானத்தைக் கேள். விண்டோஸா ரேமா என்று இத்தனை நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன், மாற்றவேண்டியது பிராசஸர்! 2022-ல் ஏஎம்டி, நம் 300 வரிசை போர்டுகளிலும் ரைசன் 5000-ஐப் போடலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. என் போர்டுக்கும் அதற்கான பயாஸ் வந்திருக்கிறது, தேடிப் பார்த்துவிட்டேன். பழைய பிராசஸர் இருக்கும்போதே பயாஸை ஏற்றிவிட்டு, அப்புறம் ஒரு ரைசன் 5 5600-ஐ உட்காரவைத்தால் போதும். போர்டு அதே, ரேம் அதே, பெட்டி அதே. 5600 பட்டியலில் இருக்கிறது, 11 முன்வாசல் வழியாகவே வரும். மெமரி இன்டெக்ரிட்டி காவலுக்கான வன்பொருளும் அதில் உண்டு. எஃப்டிபிஎம்மை ஆன் செய்தால் ரைசனில் அவ்வப்போது படம் திக்கும் என்று ஒரு புகார் இருந்ததே, அதற்கும் 2022-லேயே பயாஸில் மருந்து வந்துவிட்டது.

ரேமுக்கும் இதில் லாபம். முதல் தலைமுறை ரைசனில் நாலு பள்ளத்தையும் நிரப்பினால் ஏஎம்டி 2133-க்கு மேல் உத்தரவாதம் தருவதில்லை. ரைசனில் கோர்களுக்கு நடுவே ஓடுகிற பாதையின் வேகமே ரேம் வேகத்தோடு கட்டியிருப்பதால், அளவைக் கூட்டப்போய் வேகத்தை இழப்போம். 5600-ல் நாலு துண்டுக்கு, ஒற்றை ரேங்க் (சில்லுகள் ஒரே தொகுதியாக உள்ள) ரேம் என்றால், 2933 வரை சொல்கிறார்கள். அது எனக்குப் போதும்.

ஒரு எச்சரிக்கை மட்டும் குறித்து வைத்திருக்கிறேன். புதுப் பிராசஸரோடு முதல் தடவை ஆன் செய்ததும் கறுப்புத் திரையில், எஃப்டிபிஎம்மை ரீசெட் செய்யவா, 'ஒய்'யா (ஆம்) 'என்'னா (வேண்டாம்) என்று கேட்கும். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்து, ரெகவரி சாவி கையில் இல்லாமல் ஒய்யைத் தட்டினால் டிஸ்க் திறக்காது. அதனால் முதலில் பிராசஸர், அது நிம்மதியாக ஓடுகிறதா என்று 10-லேயே பார்த்துவிட்டு, மகளின் பரீட்சை முடிந்த பிறகு 11. பரீட்சை நேரத்தில் பெட்டியைத் திறந்தேன் என்றால் வீட்டில் என்னைத்தான் திறப்பார்கள்.

இவ்வளவு தூரம் படித்துவிட்டாய், இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் பாட்டி ஓய்வுக்குப் போனாளே, அவள் ரேம் இரண்டும் எங்கே? உன் மேஜை இழுப்பறையில், அந்தப் பழைய சார்ஜர்களுக்கு அடியில். இல்லை என்று சொல்லாதே, போன தடவை வந்தபோது பார்த்தேன். என்னுடையதோடு ஒரே பெட்டியில் வந்த ஜோடி, அதே மாடல், அதே வேகம். உன் புதுப் போர்டில் டிடிஆர்4 மாட்ட முடியாது, பள்ளத்தின் வெட்டே வேறு இடத்தில் இருக்கிறது. உனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. விலை ஏறியிருப்பதைப் பற்றி நான் மேலே எழுதியதை மறந்துவிடு.

சும்மா கேட்கவில்லை. பிராசஸரைக் கழற்றியதும் என் 1600 உனக்குத்தான். உன் தம்பி பையனுக்கு ஒரு பெட்டி கட்டவேண்டும் என்று எழுதியிருந்தாயே, அதற்கு ஆகும். வேறு ரேமுக்கு நீயே வழி பார்த்துக்கொள்.

அனுப்பும்போது தயவுசெய்து நிலைமின்சாரம் தாக்காத ஆன்டிஸ்டேட்டிக் கவரில் போடு. செய்தித்தாளில் சுற்றாதே, தங்க நிறக் காலில் விரல் வைக்காதே. வாத்தியாரிடம் மூச்சு விடாதே; அந்த இரண்டு துண்டின் மேல் அவருக்கும் ஒரு கண் என்று கேள்வி. அப்புறம், நண்பர் பட்டியலில் உன் பெயர் மாதக்கணக்காகச் சாம்பல் நிறத்திலேயே கிடக்கிறது. அவ்வளவு பெரிய மாளிகையைக் கட்டிவைத்துக்கொண்டு அதில் என்னதான் செய்கிறாய்? எக்செல்லா?

இந்த வாரமே அனுப்பு.

உன்,
கோட்டைக் காவல்காரன்