கூகுளில் முதலிடத்தை யாரும் விற்க முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

"சார், கூகுள்ல இருந்து பேசுறோம். உங்க கடை லிஸ்டிங் இந்த மாசத்தோட முடியுது. ரினீவல் கட்டிட்டா முதல் பக்கத்துலயே வர வெச்சிடலாம்." சென்னையில் கடை, கிளினிக், டியூஷன் சென்டர் நடத்துகிற பலருக்கும் பழகிப்போன அழைப்பு இது. கூகுளில் கடையைப் பதிவு செய்ய, அதாவது லிஸ்டிங் போட, கட்டணம் கிடையாது. அந்தப் பதிவு காலாவதியாவதும் இல்லை. மேப் தேடலில் மேலே வருவதற்குக் கூகுளிடம் பணம் கட்டும் வழியே இல்லை. விளம்பரம் கொடுத்தால் 'ஸ்பான்சர்டு' என்ற குறியோடு தனியாகத் தெரியும், அவ்வளவுதான். இருந்தும் வாடகை கட்டவே திணறும் சிறு வியாபாரிகள் இந்தப் பேச்சை நம்பி ஆயிரக்கணக்கில் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

எந்தக் கடை மேலே வரும் என்பதற்குக் கூகுள் வெளிப்படையாகவே மூன்று காரணங்களைச் சொல்கிறது: தேடியதற்கும் கடைக்கும் உள்ள பொருத்தம், தேடுபவருக்கும் கடைக்கும் உள்ள தூரம், கடை எவ்வளவு பிரபலம் என்பது. தூரத்தை, இப்படிப் போன் செய்யும் எந்த ஏஜென்ட்டாலும் குறைக்க முடியாது. தி.நகரில் நின்றுகொண்டு 'டெய்லர்' என்று தேடுபவருக்குப் பெரம்பூர் கடையைக் காட்டுகிறேன் என்று ஒருவர் சொன்னால், பேச்சை அங்கேயே முடித்துவிடலாம்.

பொருத்தம் நம் கையில் இருக்கிறது. முதன்மை வகையாக வெறும் 'உணவகம்' என்று போடாமல் 'தென்னிந்திய உணவகம்' என்று போட வேண்டும். அதற்கு மேல் 9 துணை வகைகள் வரை சேர்க்கலாம். பெயர் மட்டும் போர்டில் உள்ளபடியே இருக்கட்டும். பெயரோடு 'பெஸ்ட் டிபன் இன் வேளச்சேரி' என்று ஒட்டவைப்பது ஏஜென்ட்டுகளின் வழக்கமான வேலை. அது விதிமீறல், லிஸ்டிங்கையே முடக்கிவிடுவார்கள்.

நம் ஊரில் அதிகம் சிக்கல் வருவது முகவரியில். பழைய எண், புதிய எண் என்று ஒரே கதவுக்கு இரண்டு எண்கள். ஜி.எஸ்.டி. சான்றிதழில் ஒன்று, மின் கட்டண ரசீதில் இன்னொன்று, உணவு டெலிவரி ஆப்பில் இரண்டும் கலந்து. இப்படி விட்டால் ஒரே கடைக்கு இரண்டு லிஸ்டிங்குகள் முளைக்கும், ரிவ்யூக்கள் இரண்டாகப் பிரிந்து கிடக்கும். 'புதிய எண் 27, பழைய எண் 14' என்பதுபோல் ஒரே வடிவத்தை முடிவு செய்து, போர்டு, பில், இணையதளம், லிஸ்டிங் எல்லாவற்றிலும் அதையே எழுத வேண்டும். தெருப்பெயரும் அப்படித்தான். முகவரியில் அண்ணா சாலை என்று எழுதிவிட்டு, 'மவுண்ட் ரோடு' என்ற பெயரை 750 எழுத்துகள் வரை இடம் தரும் அறிமுகப் பகுதியில் சேர்க்கலாம். ரங்கநாதன் தெரு மாதிரி ஒரே கட்டடத்தில் பல கடைகள் உள்ள இடங்களில் எந்த மாடி, எந்தப் பக்கம் படிக்கட்டு என்பதையும் எழுதி, மேப் குறியை நுழைவாயில் மேலேயே நகர்த்தி வைக்க வேண்டும். கட்டடத்தின் பின்பக்கச் சந்தில் குறி விழுந்திருந்தால், வாடிக்கையாளர் சந்துக்குள் போய் நின்றுகொண்டு போன் செய்வார், அல்லது போன் செய்யாமலே திரும்பிவிடுவார்.

கடை உண்மையிலேயே நம்முடையதுதானா என்று கூகுள் செய்யும் சரிபார்ப்புக்கு இப்போது பெரும்பாலும் வீடியோ கேட்கிறார்கள். குறைந்தது 30 விநாடி, வெட்டாமல் ஒரே ஓட்டமாக, போனிலிருந்தே எடுக்க வேண்டும். தெருப் பெயர்ப்பலகை, பக்கத்துக் கடை, நம் போர்டு, பிறகு பூட்டைத் திறந்து உள்ளே போய் கல்லா, பில் மெஷின் என்று காட்டினால் போதும். போர்டில் உள்ள பெயரும் பதிவில் உள்ள பெயரும் வேறாக இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆதார், வங்கி விவரம் எதையும் வீடியோவில் காட்டத் தேவையில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பது. ஏஜென்ட் தன் ஜிமெயிலில் லிஸ்டிங்கைத் தொடங்குகிறார், டொமைனை, அதாவது கடையின் இணையதள முகவரியை, தன் பெயரில் வாங்குகிறார். மாதக் கட்டணம் நின்றதும் கடையின் போன் நம்பர், நேரம், ரிவ்யூ எல்லாம் அவர் கையில் மாட்டிக்கொள்கின்றன. லிஸ்டிங்கில் 'முதன்மை உரிமையாளர்' கடைக்காரராகவும், ஏஜென்ட் வெறும் 'மேலாளர்' ஆகவும் இருக்க வேண்டும். ஏற்கெனவே கைமாறியிருந்தால், அனுமதி கேட்டுக் கூகுளிலேயே விண்ணப்பிக்கலாம். இப்போதைய உரிமையாளர் பதில் சொல்ல 3 நாள் அவகாசம். அவர் பேசாமல் இருந்தால் நாமே உரிமை கோரும் வழி பல நேரங்களில் திறக்கும். டொமைனுக்கு இவ்வளவு எளிய வழி கிடையாது, அதை முதல் நாளே சொந்த மின்னஞ்சலில் வாங்கிவிட வேண்டும்.

ஏ.ஐ. வந்துவிட்டதே, இதெல்லாம் இனி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கூகுள் தேடலின் உச்சியில் ஏ.ஐ. சுருக்கம் இந்தியாவில் 2024 ஆகஸ்ட்டில் வந்தது. பொதுத் தகவல் தேடுபவர் அங்கேயே படித்துவிட்டுப் போய்விடுகிறார், இணையதளத்துக்குள் வருவதில்லை. இதைச் சொல்லியே நூற்றுக்கணக்கில் ஏ.ஐ. கட்டுரைகளை எழுதித் தளத்தில் கொட்டித் தருகிறோம் என்கிறார்கள். தேடலில் மேலே வருவதற்காகவே இப்படி மொத்தமாகத் தயாரித்துப் போடுவதை 2024 மார்ச்சிலேயே கூகுள் ஸ்பேம், அதாவது தேடலை ஏமாற்றும் குப்பை, என்ற பட்டியலில் சேர்த்துவிட்டது. காசும் போய், தளமும் தேடலில் காணாமல் போகும். எந்த ஏ.ஐ.யும் தானாகச் சொல்ல முடியாத விவரம் கடைக்காரரிடம்தான் இருக்கிறது. கேட்டரிங் செய்பவர் என்றால்: 50 இலைக்கு என்ன விலை, எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும், தாம்பரம் தாண்டி வருவீர்களா, பரிமாற ஆள் உண்டா, பாத்திரத்தை யார் திருப்பி எடுப்பது. இதைப் போஸ்டர் படமாகப் போடாமல் எழுத்தாகவே போட வேண்டும், தமிழிலும் ஆங்கிலத்திலும். 'வீட்டுச் சாப்பாடு' என்பதை ஆங்கில எழுத்தில் தட்டுபவரும் உண்டு, மைக்கை அழுத்தித் தமிழில் கேட்பவரும் உண்டு.

விளம்பரம் கொடுப்பவர்கள் இரண்டைக் கவனித்தாலே நிறைய மிச்சமாகும். கூகுள் விளம்பரத்தில் இடத் தேர்வு, 'அங்கே இருப்பவர்கள், அந்த இடத்தில் ஆர்வம் உள்ளவர்கள்' என்றுதான் தொடக்கத்தில் இருக்கும். 'இருப்பவர்கள்' என்பதை மட்டும் தேர்ந்தெடுக்காவிட்டால், அடையாறு பிளம்பர் விளம்பரத்தை டெல்லியில் இருப்பவரும் கிளிக் செய்வார். நாளுக்கு 500 ரூபாய் பட்ஜெட் என்று வைத்தால் சில நாள் 1,000 வரை போகும், ஆனால் மாதத்துக்குச் சராசரி 30.4 நாள் என்ற கணக்கில் 15,200 ரூபாயைத் தாண்டாது. 18 சதவீத ஜி.எஸ்.டி. தனி.

ரிவ்யூ விஷயத்தில் தள்ளுபடி கொடுத்து நட்சத்திரம் வாங்குவதைக் கூகுள் தடை செய்திருக்கிறது. மொத்தமாக விலைக்கு வாங்கியவை ஒருநாள் மொத்தமாகவே நீக்கப்படும்.

வணிகர் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் அரை மணி நேரம் ஒதுக்கி, உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் தங்கள் போனில் லிஸ்டிங்கைத் திறந்து முதன்மை உரிமையாளர் யார், போன் நம்பர் சரியா என்று பார்க்கச் செய்யுங்கள். மேப்பில் உள்ள 'திருத்தம் பரிந்துரை' வழியாக யார் வேண்டுமானாலும் நம்பரை மாற்றச் சொல்ல முடியும். மோசடிக்காரர்கள் இதே வழியில் தங்கள் நம்பரை நுழைத்துவிடுகிறார்கள். அந்த நம்பரை நம்பிப் பணம் இழந்தவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

இப்படிக்கு,
இணைய விளம்பரத் துறையில் பணிபுரியும் வாசகர்,
மேற்கு மாம்பலம், சென்னை-33.