கட்டத்தான் வர்றேன், பாக்கி எவ்வளவுன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் கொடுங்க

பெறுநர்: கிளை மேலாளர் அவர்கள், மற்றும் கடன் வசூல் பிரிவு
பொருள்: கல்விக்கடன் கணக்கு விவரம் தராம அலைய விடறது, வசூல் ஏஜென்ட்டோட அடாவடி, வட்டி மானியம் வரவு வைக்காதது

வணக்கம் சார் / மேடம்,

யார் கையில இது கிடைக்கும்னு தெரியல, அதான் ரெண்டையும் போட்டுட்டேன். இதுக்கு முன்னாடி நாலு மெயில் அனுப்பிட்டேன். நாலுக்கும் "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது"ன்னு ஒரு நம்பர் வரும், ரெண்டு நாள் கழிச்சு "தீர்க்கப்பட்டது"ன்னு மெசேஜ் வரும். என்னத்த தீர்த்தீங்கன்னு எனக்குத்தான் தெரியல. அதான் இந்த தடவை பேப்பர்ல எழுதி ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பறேன், வாங்கினதுக்கு கையெழுத்தாவது இருக்கும்ல.

முதல்லயே சொல்லிடறேன், கடனைத் தள்ளுபடி பண்ணுங்கன்னு கேக்க வரல. வாங்கினேன், படிச்சேன், இப்ப ஓரளவுக்கு சம்பளம் வருது, கட்டறேன். எவ்வளவு கட்டணும், யாருக்கு கட்டணும், இது ரெண்டையும் உங்க லெட்டர்பேடுல எழுதி சீல் போட்டுக் கொடுங்கன்னுதான் எட்டு மாசமா கேட்டுட்டு இருக்கேன். கடன் கொடுத்தவங்களுக்கு தான் எவ்வளவு கொடுத்தோம்னு தெரியாதா? தெருமுனை வட்டிக்காரர்கிட்ட கேட்டாக்கூட நோட்டைப் புரட்டி ஒரு நிமிஷத்துல சொல்லுவார்.

2016ல இன்ஜினியரிங் சேர்ந்தப்ப உங்க கிளையில வாங்கின லோன், மொத்தம் 3,60,000. வருஷத்துக்கு 90,000 வீதம் காலேஜுக்கே போச்சு. 4 லட்சத்துக்குள்ளங்கறதால சொத்து ஜாமீன் எதுவும் கேக்கல, அப்பாவும் என்கூட சேர்ந்து கையெழுத்து போட்டார், அவ்வளவுதான். 2020ல படிப்பு முடிஞ்சுது. அந்த வருஷம் கொரோனாவுல கேம்பஸ்ல யாருக்கு வேலை கிடைச்சுது, உங்களுக்கே தெரியும். படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் வரைக்கும் கட்ட வேண்டாம்னு விதி, சரி. 2021ல இஎம்ஐ ஆரம்பிச்சப்ப என் சம்பளம் 11,000, இஎம்ஐ 6,550. சில மாசம் கட்டினேன், அப்பறம் முடியல. அது என் தப்புதான், இல்லன்னு சொல்லல.

ஆனா 2022ல கிளைக்கு வந்து நான் என்ன கேட்டேன்? ஆறு மாச பாக்கி, 40 ஆயிரம் சொச்சம், ரெண்டு இஎம்ஐ இப்ப கட்டறேன் மிச்சத்தை கொஞ்சம் கொஞ்சமா கட்டறேன், கணக்கு சரியாயிடுமான்னு கேட்டேன். "கட்டுங்கம்மா ஆயிடும்"னு கவுன்டர்ல சொன்னாங்க, கட்டினேன். ஆகவே இல்ல. 90 நாள் தாண்டி என்பிஏ, அதாவது வராக்கடன் ஆயிட்டா மொத்த பாக்கியையும் ஒரு ரூபா விடாம கட்டினாத்தான் திரும்ப நல்ல கணக்கா மாத்த முடியும்னு ஆர்பிஐ விதி இருக்காம். இது எனக்கு ரெண்டு வருஷம் கழிச்சு வேற ஒருத்தர் சொல்லித் தெரிஞ்சுது. அன்னைக்கே நீங்க சொல்லியிருந்தா செயினை அடகு வச்சாவது அந்த 40 ஆயிரத்தை கட்டியிருப்பேன் சார். ஒரு வார்த்தை சொல்லாததால இன்னைக்கு 7 லட்சம்கறீங்க.

7 லட்சமான்னுகூட தெரியாது, அதுதான் பிரச்சனையே. ஒரே வாரத்துல வந்த நோட்டீஸ்ல 5,38,000, எஸ்எம்எஸ்ல 6,46,000, போன்ல உங்க வசூல் ஏஜென்ட் சொன்னது 7,12,000. மூணுல எதுன்னு கேட்டா "மேடம் அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு, இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள 3 லட்சம் போட்டுருங்க ஃபைல் க்ளோஸ்"ங்கறார். எங்க போடணும்னு கேட்டா ஒரு மொபைல் நம்பர் கொடுக்கறார், ஜிபேல அடிச்சுப் பார்த்தா பேங்க் பேரும் இல்ல ஏஜென்சி பேரும் இல்ல, யாரோ ஒரு தனி ஆள் பேர் வருது. உங்க லோனை உங்க ஏஜென்ட் தன் சொந்த நம்பருக்கு வாங்கறது உங்களுக்கு தெரிஞ்சுதான் நடக்குதா? அதுவும் இல்லாம, இப்படி குறைச்சுக் கட்டி செட்டில்மென்ட்னு முடிச்சா, யார் கடனை எப்படி கட்டினாங்கன்னு காட்டற சிபில் ரிப்போர்ட்ல "செட்டில்டு"ன்னு ஏறும், முழுசா கட்டி முடிச்ச மாதிரி "க்ளோஸ்டு" வராது, அடுத்த லோனுக்குப் போனா அதைப் பார்த்தே திருப்பி அனுப்புவாங்க. இதை அவர் சொல்லவே இல்ல. நானா தேடித் தெரிஞ்சுக்கிட்டேன்.

இந்த ஆளைப் பத்தி தனியா எழுதணும். பேர் கேட்டா "லீகல் டீம்"ங்கறார். லீகல் டீம்னு ஒரு பேரா சார், அவங்க வீட்ல அப்படித்தான் கூப்பிடுவாங்களா? ராத்திரி 9.40க்கு எங்க அப்பா நம்பருக்கு அடிச்சிருக்கார். அப்பாவுக்கு காது கொஞ்சம் மந்தம், எந்த கால் வந்தாலும் ஸ்பீக்கர்லதான் போடுவார். அதனால அந்த ஆள் பேசினது மொத்தமும் வீடு முழுக்க கேட்டுச்சு. "பொண்ணைப் படிக்க வைக்க வக்கில்ல, எதுக்கு லோன் வாங்கின? கல்யாணத்துக்கு மட்டும் லட்சம் லட்சமா எங்கருந்து வரும்?"னு கேட்டார். 63 வயசு மனுஷனை நீ வா போன்னு. எனக்கு கல்யாணமே ஆகல, அது வேற விஷயம். வீட்டை ஜப்தி பண்ணுவோம், போலீஸ் வரும்னார். சொத்து ஜாமீனே வாங்காத லோனுக்கு கோர்ட் ஆர்டர் இல்லாம எந்த வீட்டை யார் ஜப்தி பண்றது? கடன் பாக்கிக்கு போலீஸ் எதுக்கு வருது? பயமுறுத்தறதுக்குன்னே சொல்றாங்கன்னு எனக்குப் புரியுது, அப்பாவுக்குப் புரியல. அன்னைலருந்து அவர் சாயங்காலம் 6 மணிக்கே போனை ஆஃப் பண்ணி பீரோக்குள்ள வச்சுடறார். போன மாசம் அத்தையை ஆஸ்பத்திரில சேர்த்த தகவல்கூட மறுநாள்தான் எங்களுக்குத் தெரிஞ்சுது. இதுக்கெல்லாம் நீங்கதான் பொறுப்பு.

காலைல 8 மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் 7 மணிக்கு மேலயும் வசூலுக்கு கூப்பிடக் கூடாது, வீட்டாளுங்க ஃப்ரெண்ட்ஸை தொந்தரவு பண்ணக் கூடாது, நாலு பேர் முன்னாடி அசிங்கப்படுத்தக் கூடாதுன்னு ஆர்பிஐ 2022 ஆகஸ்ட்லயே சர்குலர் போட்டிருக்கு. எனக்கே தெரியுது, பேங்க் நடத்தற உங்களுக்குத் தெரியாதா? ஏஜென்சிதானே பண்ணுது நாங்க இல்லன்னு சொல்லித் தப்பிக்க முடியாது, ஏஜென்ட் பண்றதுக்கு பேங்க்தான் பொறுப்புன்னு அதுலயே இருக்கு. எந்த ஏஜென்சிகிட்ட என் ஃபைலை கொடுத்திருக்கீங்கன்னு எனக்கு முறைப்படி தெரிவிக்கணும், அந்த லெட்டர் இன்னைக்கு வரைக்கும் வரல. இதோட நிக்காம என் ஆபீஸ் எச்ஆர்க்கும் கூப்பிட்டு "உங்க ஸ்டாஃப் ஒரு ஃப்ராடு"ன்னு சொல்லியிருக்காங்க. அந்த ஆடியோ என்கிட்ட இருக்கு, எச்ஆர் மேடமே அனுப்பினாங்க.

மன்னிக்கணும், கோவத்துல வரிசையா சொல்லாம விட்டுட்டேன். மார்ச் மாசம் நான் கிளைக்கு வந்ததை சொல்லணும். மொத்தம் ஏழு தடவை வந்திருக்கேன், அதுல அந்த ஒரு நாளை மட்டும் மறக்கவே மாட்டேன். லீவு கிடையாது, சம்பளப் பிடித்தத்துல வந்தேன். டோக்கன் 47. லோன் சீட்டுக்காரர் இன்ஸ்பெக்‌ஷன் போயிருக்கார்னு மதியம் 3.15 வரைக்கும் உக்கார வச்சாங்க. வந்தார், அக்கவுண்ட் நம்பரை ஒத்த விரல்ல தட்டினார், மானிட்டரை அப்படியே என் பக்கம் திருப்பினார். பேலன்ஸ் 0.00. "உங்க லோன் முடிஞ்சிருச்சேம்மா, அப்பறம் எதுக்கு வந்தீங்க?"ன்னார். ஒரு ரெண்டு நிமிஷம் நான் நிஜமாவே நம்பிட்டேன் சார். கவர்மென்ட் ஏதோ தள்ளுபடி பண்ணிடுச்சு போலன்னு நினைச்சு கண்ணுல தண்ணி வந்துருச்சு, அப்பாவுக்கு போன் பண்ண கையில எடுத்துட்டேன். அப்பதான் பக்கத்து சீட் மேடம் எட்டிப் பார்த்து, "சார் அது ரைட் ஆஃப் போட்டது, ஜீரோதான் காட்டும், பாக்கி அப்படியேதான் இருக்கு. ஏஜென்சியைக் கேளுங்கம்மா"ன்னாங்க. உங்க புக் சுத்தமா தெரியறதுக்கு நீங்க கணக்கை அழிச்சுக்குவீங்க, ஆனா என் தலையில இருக்கற கடன் மட்டும் அழியாது. சரி, அதுதான் விதின்னா அந்த அழியாத பாக்கி எவ்வளவுன்னு காட்டற ஸ்க்ரீன் எங்க இருக்கு? ரீஜினல் ஆபீஸ்னாங்க. அங்க போனா லோன் கொடுத்த கிளையைக் கேளுங்கன்னாங்க. ஏஜென்சியைக் கேட்டா "ஸ்டேட்மென்ட் எல்லாம் பேங்க்லதான், எங்க வேலை வசூல் மட்டும்." பந்து மாதிரி மூணு பேரும் தட்டி விளையாடறீங்க.

ஏஜென்சிக்கு நான் 60,000 கட்டியிருக்கேன், 20,000 வீதம் மூணு தடவை. ரெண்டுக்கு பிரின்ட் ரசீது, ஒண்ணுக்கு வாட்ஸப்ல ஒரு போட்டோ. அது என் கணக்குல ஏறுச்சா இல்லையா? கணக்கே ஜீரோன்னு காட்டினா எதுல ஏத்துவீங்க?

அப்பறம் மானியம். வருஷ குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள்ள இருந்தா படிக்கற காலமும் அதுக்கு மேல ஒரு வருஷமும் வர்ற வட்டியை மத்திய அரசே கட்டற ஸ்கீம் 2009லருந்து இருக்கு. எங்க வருமானம் அதுல பாதிகூட இல்ல. தாசில்தார் கொடுத்த வருமானச் சான்றிதழை 2016லயே கொடுத்தேன், நகல்ல உங்க கிளை சீல் இருக்கு, தேதி இருக்கு. அரசுகிட்ட அதை கேட்டு வாங்கி என் கணக்குல வைக்கறது உங்க வேலை, என் வேலை இல்ல. நான் போட்டுப் பார்த்த வரைக்கும் அந்த வட்டி மட்டும் 1,25,000 வரும். அது வரவு ஆச்சா? கேட்டா "அப்ப இருந்த மேனேஜர் மாறிட்டார்". மேனேஜர் மாறினா வட்டி மாறுமா? வட்டி மட்டும் தப்பாம ஏறுதே. அந்த ஒண்ணே கால் லட்சத்தை 2021லயே கழிச்சிருந்தா இஎம்ஐ 4,900க்குள்ள வந்திருக்கும், நான் தவறியிருக்கவே மாட்டேன், என்பிஏ ஆகியிருக்காது, சிபில் பார்த்துட்டு ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி எனக்கு கொடுத்த வேலையை திருப்பி வாங்கியிருக்காது. அந்த வேலையில இருந்திருந்தா இந்நேரம் சொந்த வீடே வாங்கியிருப்பேன். என் இருபது வயசுலருந்து முப்பது வயசு வரைக்கும் உங்க லோன் தின்னுடுச்சு, இதுக்கு கோடி ரூபா கொடுத்தாலும் ஈடாகாது.

தயவு செஞ்சு கேக்கறேன், சண்டை போடணும்னு ஆசை இல்ல. 2016லருந்து முழு ஸ்டேட்மென்ட், வட்டி வேற அபராதம் வேறன்னு பிரிச்சு, மானியம் வந்துச்சா இல்லையான்னு தெளிவா எழுதி, நான் கட்டின 60,000ஐ கழிச்சு ஒரு தொகை கொடுங்க. மாசம் 9,000 என்னால முடியும், ஏஜென்ட் இல்லாம நேரா பேங்க்ல கட்டறேன், அதுக்கு ஒரு அக்கவுண்ட் நம்பர் வேணும். இந்தப் புகாருக்கு பதில் சொல்ற வரைக்கும் ஃபைலை ஏஜென்சிகிட்டருந்து திரும்ப எடுங்க, புகார் நிலுவையில இருக்கும்போது ஏஜென்சிக்கு அனுப்பக் கூடாதுங்கறதும் ஆர்பிஐ சொன்னதுதான். "லீகல் டீம்" எங்க அப்பாகிட்ட மன்னிப்பு கேக்கணும். போன்ல வேண்டாம், எழுத்துல.

இது உங்க கைக்கு கிடைச்ச நாள்லருந்து 30 நாள் எண்ணுவேன். பதில் வரலன்னா, இல்ல பழையபடி "தீர்க்கப்பட்டது"ன்னு வந்தா, பேங்க் மேல வர்ற புகாரை விசாரிக்கற ஆர்பிஐ ஆம்புட்ஸ்மேன்கிட்ட போறேன், ஆடியோவோட போலீஸ் ஸ்டேஷனுக்கும் போறேன். போக வச்சுடாதீங்கன்னுதான் கேட்டுக்கறேன்.

ரசீது மூணு, சீல் போட்ட வருமானச் சான்றிதழ் நகல், மூணு தொகை வந்த நோட்டீஸ் எஸ்எம்எஸ் கால் விவரம், மார்ச் மாச டோக்கன் சீட்டு எல்லாம் நகல் வச்சிருக்கேன். ஒரிஜினல் எதையும் கொடுக்க மாட்டேன், ஏற்கனவே ஒண்ணை உங்க கிளையில தொலைச்சுட்டீங்க.

இப்படிக்கு,
உங்க பழைய கல்விக்கடன் வாடிக்கையாளர்

பி.கு: இதை கவர்ல போட்டு ஒட்டப் போறப்ப அதே நம்பர்லருந்து மறுபடி கால், மணி 7.25. எடுக்கல, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து பிரின்ட் போட்டு இதோட சேர்த்து வச்சிருக்கேன்.