சியன்னாவுக்குக் கீழே கிடக்கும் நண்பனுக்கு

கொக்குவில்

அன்பின் மச்சானுக்கு,

நலம். நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க நல்லூரான் துணை. மாமிக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைவு. அக்காவின் மகளுக்குக் கலியாணம் பேசி முடித்தாயிற்று, மாப்பிள்ளை உரும்பிராய். ஊர்ப் புதினம் இவ்வளவு போதும். இந்தக் கடிதம் உன்னை ஏசுவதற்கென்றே எழுதுவது.

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். உன் ரொயோட்டா சியன்னா வான் வண்டிக்குக் கீழே மல்லாந்து கிடந்து, தலையை மட்டும் வெளியே நீட்டிச் சிரிக்கிறாய். ‘அறுபது தாண்டியும் ஒயில் நானேதான் மாற்றுகிறேன்’ என்று ஒரு பெருமை வேறு. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உன் வழுக்கையைப் பார்ப்பதற்கல்ல. முன்சில்லுக்குப் பக்கத்தில் ஒரு போத்தல் ஜாக்கி. அதை அடுத்து முட்டுக் கொடுக்க ஒரு துளைக்கல், அதுவும் துளைகள் பக்கவாட்டில் தெரியச் சரித்து வைத்த கல்!

துளைக்கல் சுவர் கட்டுவதற்கு உள்ளது. பாரம் பரந்து இறங்கினால் தாங்கும். ஒரு மூலையில் இரும்பு குத்தினால் வெடிக்கும். இரும்பென்றால் வளைந்து காட்டும், மரக்குற்றி என்றால் முனகும். சீமெந்துக் கல் எந்த அறிவித்தலும் தராது. இதை உனக்கு நான் எழுத வேண்டுமா? மணியண்ணையின் கால்களைப் பிடித்து வெளியே இழுத்தவர்கள் நீயும் நானும்தானே. அன்றைக்கும் அது கல்தான். அண்ணி அந்தக் கல்லை வளவைவிட்டு அப்புறப்படுத்தும்படி யாரைக் கேட்டார் என்பதும் உனக்கு ஞாபகம் இருக்கும். நான் அதற்கு மேல் எழுதவில்லை.

சரி, விடயத்துக்கு வருகிறேன். காரைத் தூக்க நான் வாங்கிய லிஃப்ட் எப்படி என்று போன மாதம் கேட்டிருந்தாய். நான் வாங்கியது என்பது பாதி உண்மை. நானும் நெட்டையனும் மாஸ்டரும் பங்கு போட்டு, கொழும்பில் ஒருவர் பாவித்ததை வாங்கினோம். அது லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏறி கொக்குவில், கோண்டாவில், இணுவில் என்று காங்கேசன்துறை வீதியில் ஊர்வலம் போகிறது. பொங்கலுக்கு முந்திய கிழமை யார் வீட்டில் நிற்பது என்று நெட்டையனும் மாஸ்டரும் இரண்டு நாள் பேசாமல் இருந்தார்கள். மாஸ்டர் பேசாமல் இருந்தது ஊருக்கு நிம்மதி.

பழைய முறையில் குழி வெட்டலாமே என்று முதலில் நெட்டையன்தான் சொன்னான். எங்கள் நிலம் உனக்குத் தெரியும். இரண்டு அடி தோண்டினால் சுண்ணாம்புக்கல், அதை உடைத்து இறங்கினாலும் கார்த்திகை மழைக்குத் தண்ணீர் ஊறி நிற்கும். அது போகட்டும். பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது, குழிக்குள் இறங்கித் தங்கிவிடும், ஒரு பொறி போதும். சின்னராசா அண்ணை கராஜ் குழியில் உன் சாரம் மட்டும் மேலே வந்த கதையை அவனுக்கு நினைவூட்டினேன். குழிப் பேச்சு அத்துடன் நின்றது.

இரண்டு தூண் நிறுத்தி, வேண்டாதபோது கழற்றிச் சுவரோரம் வைக்கும் வகையும் உண்டு. காரை இடுப்புக்கு மேலே உயர்த்தும், சில்லு கழற்ற, சைலன்சர் மாற்ற அதைப்போல வசதி வேறில்லை. ஆனால் தூணின் முழுப் பலமும் தரையில் இறுக்கும் போல்ட்டில்தான் இருக்கிறது. குறைந்தது நான்கு அங்குல நல்ல கொங்கிரீட் கேட்கிறது. என் கராஜ் தரை அப்பா காலத்தில் கல்லுக்கு மேலே மெழுகிய சீமெந்து. போல்ட்டை இறுக்கினால் தரை கையோடு வரும். கூரையும் தடை. பனஞ்சிலாகை தலையில் இடிக்காமல் நான் நிமிர்ந்து நிற்பதே பெரிய காரியம்.

ஆகவே நாங்கள் எடுத்தது இரட்டைச் சட்டம். இரண்டு நீளச் சட்டங்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 35 கிலோ, ஒரு சிறிய ஹைட்ரோலிக் பம்ப், நடுவே குழாய்கள். காரின் இரண்டு பக்கமும் கீழே கிடத்திவிட்டு அழுத்தினால் அரை மீற்றரளவு உயரும். நடுப்பகுதி திறந்தே இருக்கும், தரையில் எதையும் இறுக்க வேண்டாம், தரை மட்டமாகவும் கெட்டியாகவும் இருந்தால் போதும். நிமிர்ந்து நின்று வேலை செய்ய முடியாது, படுத்தபடிதான். அதில் குறை சொல்ல மாட்டேன். 12 வோல்ட்டில் ஓடுவதைத் தேடி எடுத்தோம், கார் பற்றரியே போதும். 2022இல் 13 மணிநேரம் இருட்டில் கிடந்தவர்களுக்கு மின்சார சபையை நம்பி காரைத் தூக்கிவைக்க மனம் வருமா? நீ அங்கே ஒன்றை வாங்கி எனக்கு அனுப்புவதாகச் சொன்னாயே, அது 120 வோல்ட் மோட்டார், இங்கே 230. இவ்வளவு படித்தும் உனக்கு அது தோன்றவில்லை.

பாவிப்பதில்தான் விளையாட்டு இருக்கிறது. என் மொறிஸ் மைனர் காருக்கு முன்அச்சிலிருந்து பின்அச்சுக்கு 86 அங்குலம். ரயர்கள் எடுத்தது போக நடுவே மிஞ்சும் இடத்தில் சட்டம் பக்கவாட்டாக நுழையவே நுழையாது. சட்டங்களை முதலில் தரையில் போட்டு, காரை அவற்றுக்கு மேலாக மெதுவாகத் தள்ளிக்கொண்டு வர வேண்டும். ரப்பர் கட்டைகளைப் பின்னால் ஸ்பிரிங் தகட்டின் முன்முனை பிடித்திருக்கும் இடத்திலும், முன்னால் அடிச்சட்டப் பெட்டியிலும் வைக்கிறேன். கதவுக்குக் கீழுள்ள பழைய ஜாக்கித் துவாரத்தை நம்புவதே இல்லை. மைனரில் கறள் பிடிக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. வெளியே பெயின்ற் பளபளக்கும், உள்ளே இரும்பு உதிரும்.

எழும்பும்போது கார் நேராக மேலே போகாது. வளைந்து எழுவதால் சில அங்குலம் முன்னாலும் நகரும், சுவரிலிருந்து தள்ளி நிறுத்தாவிட்டால் பம்பர் முத்தமிடும். குழாய்க்குள் காற்று நின்றால் ஒரு பக்கம் சோம்பல் காட்டும், முதலில் வெறும் சட்டத்தை ஏற்றி இறக்கிக் காற்றை வெளியேற்ற வேண்டும். உரிய உயரம் வந்ததும் பூட்டுக் கம்பி ‘டக்’ என்று விழும். இரண்டு பக்கமும் கேட்க வேண்டும். பிறகு பொத்தானைத் தொட்டுச் சற்றே இறக்கி, பாரம் முழுவதையும் அந்தக் கம்பியில் அமர்த்த வேண்டும். அதன் பிறகு தண்ணீர்க் குழாய்போல் ஒயில் பீறினாலும் கார் அசையாது. ஹைட்ரோலிக் தூக்குவதற்கு, தாங்குவதற்கல்ல. அந்தக் கம்பியைக் கண்ணால் பார்க்காமல் நெட்டையனை நான் உள்ளே விடுவதில்லை, அவன் முறைப்பான்.

மைனருக்கு இது ஏன் வேண்டும் என்று கேட்பாய். முன்சில்லைத் தாங்கும் கீழ் மரையில் கிறீஸ் வற்றினால் மரை தேய்ந்து ஒருநாள் சில்லு மடிந்து விழும். கிறீஸ் அடிக்கும்போது சில்லு தரையில் பாரத்தோடு நின்றால் கிறீஸ் உள்ளே சரியாகப் போகாது. பிரேக்கை மிதித்ததும் ஒயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரை, மைனரை வடிவமைத்த இசிகோனிஸ் என்ற மகா மேதை ஓட்டுநரின் காலடியில் அடிச்சட்டத்துக்குள் ஒளித்துவைத்தான். அதன் போல்ட்டை வெளியே எடுக்க வழியில்லாமல் குறுக்கே டோர்ஷன் பார் என்ற முன்சில்லு ஸ்பிரிங் கம்பி நிற்கிறது. தொண்ணூறுகளில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சினை மன்னிப்பேன், இந்த சிலிண்டரை வைத்தவனை மன்னிக்க மாட்டேன்.

இப்போது உன் கதை. சியன்னா இரண்டு தொன் அளவில் நிற்கும். 5,000 இறாத்தல் தூக்குவது என்றால் 2,268 கிலோ, மிச்சம் மிகக் குறைவு. 7,000 இறாத்தலாகப் பார். வான் நீளமானது, கதவுக்குக் கீழே விளிம்புத் தகட்டில் குறியிட்ட இரண்டு இடங்களுக்கும் இடைத்தூரத்தை அளந்துவிட்டு வாங்கு, நீளச் சட்டம் தனியாக விற்கிறார்கள். அந்த விளிம்பை நேரே கட்டையில் வைத்தால் நசுங்கும், நடுவே வெட்டுள்ள ரப்பர் வாங்கு. கராஜ் கதவு ஏறும் தண்டவாளத்தையும் பார்த்துக்கொள். காருக்கு முட்டுக் கொடுக்கும் ஸ்டான்ட் போதும் என்று மருமகன் சொன்னால், 2020இல் அமெரிக்காவில் பல் வழுக்குகிறது என்று லட்சக்கணக்கான ஸ்டான்டுகளைத் திரும்பப் பெற்றதையும், மாற்றாகக் கொடுத்தவற்றில் சிலதை வெல்டிங் ஒட்டுக் குறை என்று மறுபடியும் திரும்பப் பெற்றதையும் அவனுக்குச் சொல். நல்ல ஸ்டான்ட் நல்லதுதான். ஆனால் நான்கு மூலையிலும் மாறி மாறித் தூக்கி வைக்க உன் முதுகுக்கு இப்போது பலம் இருக்கிறதா?

லிஃப்ட் வரும்வரை ஒயிலைக் கடையில் கொடுத்து மாற்று. காசு போனால் போகட்டும், அந்தக் கல்லை இன்றைக்கே தோட்டத்தில் கொண்டுபோய்ப் போடு, போட்டதைப் படம் எடுத்து அனுப்பு. நான் பெரிதாக்கிப் பார்ப்பேன்.

நாளைக்குக் காலை மாஸ்டர் லிஃப்டை ஏற்றிப்போக வருகிறார். அதற்குள் மைனரை இறக்க வேண்டும்: பொத்தானை அழுத்திச் சிறிது உயர்த்தி, பூட்டை விலக்கி, பிறகுதான் இறங்கும்.

இப்படிக்கு,
உன் மச்சான்

பி.கு: அடுத்த மாதம் யாராவது ஊருக்கு வந்தால் மைனர் 1000 மாஸ்டர் சிலிண்டர் ரப்பர் செட் ஒன்று கொடுத்துவிடு, 7/8 அங்குலம். போன முறை நீ அனுப்பியது மினிக்கு உரியது.