ஃபார்ம்வில் பள்ளிக்கூடம்

ரிச்மண்ட், வர்ஜீனியா

அன்புள்ள மல்லிகா,

இங்கே எல்லாரும் சௌக்கியம். பேத்திக்குத் தலை நின்றுவிட்டது. கல்பனா நன்றாகத் தேறிவிட்டாள். நீ கொடுத்தனுப்பிய லேகியத்தை முகம் சுளிக்காமல் சாப்பிட்டு முடித்தாள். உன் முழங்கால் எப்படி? மாடிப்படி ஏறாதே என்று எத்தனை தடவை சொல்வது உனக்கு? சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது.

போன சனிக்கிழமை மாப்பிள்ளை ஃபார்ம்வில் என்கிற சின்ன ஊருக்கு என்னை அழைத்துப்போனார். அங்கே கறுப்பினப் பிள்ளைகளுக்காக 1939இல் கட்டிய மோட்டன் உயர்நிலைப்பள்ளி இருக்கிறது. இப்போது அது அருங்காட்சியகம். ஒரே தளம், செங்கல் கட்டடம். 180 பேருக்காகக் கட்டியதில் 1951 வாக்கில் 450 பேருக்கு மேல் படித்திருக்கிறார்கள். இடம் போதவில்லை என்றதும் பலகையடித்து, மேலே தார்த்தாள் போர்த்திய கொட்டகைகளைப் போட்டுக் கொடுத்திருக்கிறது கல்வி வாரியம். உள்ளே ஒரு அடுப்பு. அதை ஒட்டி உட்கார்ந்தவர்களுக்கு வேர்த்துக் கொட்டும், தள்ளி உட்கார்ந்தவர்களோ கோட்டைக் கழற்ற முடியாது. மழை வந்தால் வகுப்புக்குள்ளேயே குடை பிடிப்பார்களாம். ஒன்பதாம் 'டி'யை வைத்துக்கொண்டு நீயும் நானும் அந்த ஓட்டுக்கொட்டகையில் பட்ட பாடு உனக்கு ஞாபகம் வருகிறதா? அதே ஊரில் வெள்ளைக்காரப் பிள்ளைகளின் பள்ளியில் உடற்பயிற்சிக்கூடம், உணவுக்கூடம் எல்லாமே இருந்தன.

பார்பரா ஜான்ஸ் என்று ஒரு பெண், பதினாறு வயது, பதினோராம் வகுப்பு. 1951 ஏப்ரல் 23 அன்று ஹெட்மாஸ்டருக்கு ஒரு போன் வருகிறது, பஸ் நிலையத்தில் உங்கள் பையன்கள் வம்பில் மாட்டிக்கொண்டார்கள் என்று. அவர் ஓடுகிறார். அதற்குள் அவர் அனுப்பியது போலவே வகுப்பு வகுப்பாகச் சீட்டு போகிறது, எல்லோரும் அரங்கத்துக்கு வரச்சொல்லி. திரை விலகினால் மேடையில் அவர் இல்லை, பார்பரா நிற்கிறாள். ஆசிரியர்கள் தயவுசெய்து வெளியே போங்கள் என்கிறாள். காலில் கிடந்த ஷூவைக் கழற்றி ஓங்கித் தட்டுகிறாள். அன்றே ஸ்ட்ரைக்! அந்த அரங்கத்தில் நான் நின்று பார்த்தேன், மல்லிகா. நாமாக இருந்திருந்தால் வெளியே போயிருப்போமா, அதட்டி உட்கார வைத்திருப்போமா? ஹெட்மாஸ்டர் மேல் பழி விழக்கூடாது என்றுதான் அவரை வெளியே அனுப்பினார்கள். ஆனாலும் அவர் வேலை போய்விட்டது.

பிள்ளைகள் கேட்டதென்னவோ நல்ல கட்டடம்தான். ஆலிவர் ஹில், ஸ்பாட்ஸ்வுட் ராபின்சன் என்ற இரண்டு வக்கீல்கள், இனப்பிரிவினையையே எதிர்ப்பதாக இருந்தால் வழக்குப் போடுகிறோம் என்றார்கள். சரி என்று பிள்ளைகளும் பெற்றோரும் கையெழுத்துப் போட்டார்கள். பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று 1954இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததே, அதற்குள் அடங்கிய ஐந்து வழக்குகளில் இது ஒன்று. மாணவர்களே தொடங்கியது இது ஒன்றுதான். பார்பராவுக்கு மிரட்டல் வந்ததால், வீட்டில் அவளை அலபாமாவில் இருந்த பெரியப்பா வெர்னன் ஜான்ஸிடம் அனுப்பிவிட்டார்கள்.

இதோடு முடிந்திருந்தால் சந்தோஷமாக உனக்கு ஒரு போட்டோ அனுப்பிவிட்டுச் சும்மா இருந்திருப்பேன். எனக்குத் தாங்காதது அடுத்து நடந்தது. சேர்ந்து படிக்க வையுங்கள் என்று நீதிமன்றம் கட்டாயப்படுத்தியதும், 1959இல் ஃபார்ம்வில் இருக்கும் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்ட்டி (நம் மாவட்டம் மாதிரி) நிர்வாகம் பள்ளிகளுக்குப் பணம் ஒதுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டது. ஒரு பள்ளி இரண்டு பள்ளி இல்லை, கவுண்ட்டியில் இருந்த அத்தனை அரசுப் பள்ளிகளும் மூடப்பட்டன. ஐந்து வருஷம்! வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி உடனே முளைத்தது. சுமார் 1,700 கறுப்பினப் பிள்ளைகள் தெருவில் நின்றார்கள். உறவினர் இருந்தவர்கள் வேறு ஊருக்குப் போனார்கள், சிலர் சர்ச்சுகளில் ஏதோ கொஞ்சம் படித்தார்கள். மற்றவர்கள் வயலுக்குப் போனார்கள்.

யோசித்துப் பார். 1959இல் ஆறு வயதில் ஒன்றாம் வகுப்புக்குக் கிளம்பிய குழந்தைக்கு, 1964இல் உச்ச நீதிமன்றம் திறக்கச் சொன்னபோது பதினொரு வயது. ஒன்பதாவதில் நின்றுபோன பையன் அதற்குள் கல்யாண வயதுக்கு வந்திருப்பான். ஒரு மாதம் டைபாய்டில் கிடந்துவிட்டு வந்த பிள்ளையைப் பின்னக் கணக்குக்கு இழுத்துக்கொண்டு வர நீ என்ன பாடு படுவாய்! வருஷத்தை யார் திருப்பித் தருவது? வருந்துகிறோம் என்று மாநிலச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது 2003இல். படிப்பை இழந்தவர்களுக்கு உதவித்தொகைத் திட்டம் அதற்கு அடுத்த வருஷம். அதற்குள் அவர்களில் பலருக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது, மல்லிகா. பள்ளிக்கூடத்தைப் பூட்டுவது இவ்வளவு சுலபமா என்று எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

பார்பரா பிறகு ஃபிலடெல்ஃபியாவில் நூலகராக வேலை பார்த்து 1991இல் இறந்துபோனார்.

ஜனவரியில் ஊருக்கு வருகிறேன். நம் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதையெல்லாம் சொல்ல எனக்கு ஒரு பீரியட் கேட்டு வை. புது ஹெட்மாஸ்டர் தயங்கினால் விக்டர் சாரைக் கூட்டிக்கொண்டு போ, அவர் சொன்னால் தட்டமாட்டார்.

உன்
சாரதா