எதைக் கொடுத்தார், எதை வைத்துக்கொண்டார்

அன்புள்ள கயல்,

கடன் ஆய்வுப் பிரிவில் போட்டிருக்கிறார்கள் என்றாய். ஜகார்த்தாவில் அந்த மேசைக்கு வரும் பெரிய கோப்பு எதுவானாலும், நாலு தாள் புரட்டினால் ஒரு குடும்பத்தில் போய் நிற்கும். அந்த ஊரில் 'கொங்லொமெராத்' என்றால் பல தொழில் நடத்தும் முதலாளியைத்தான் பேச்சில் குறிப்பார்கள், நிறுவனக் கூட்டத்தை இல்லை. இதைத் தெரிந்துகொள்ளாமல் இந்தோனேசியப் பத்திரிகை படித்தால் பாதி செய்தி தலைகீழாகப் புரியும்.

பொதுவாகச் சொன்னால் உனக்குப் பயன்படாது. ஒரே ஆளை எடுத்துக்கொள்: சலீம் குழுமத்தின் தலைவர் அந்தோணி சலீம். இவரைச் சரியாகப் படித்துவிட்டால் மற்ற குடும்பங்களின் கோப்பு பாதி படித்த மாதிரி.

அப்பா லியெம் சியோ லியோங், பிற்காலத்தில் சுதோனோ சலீம். சீனாவின் ஃபுச்சிங்கிலிருந்து மத்திய ஜாவாவின் கூடூஸுக்கு வந்து, கிராம்பு சிகரெட் செய்யும் ஊரில் கிராம்பு விற்றவர். ராணுவத்துக்குச் சரக்கு கொடுத்த பழக்கத்தில் சுஹார்த்தோ அறிமுகமானார். அவர் அதிபரானதும் மாவு ஆலை, சிமென்ட் என்று வரிசையாகக் கிடைத்தன. 1957ல் தொடங்கிய பேங்க் சென்ட்ரல் ஏசியா, சுருக்கமாக பி.சி.ஏ., நாட்டின் மிகப்பெரிய தனியார் வங்கியாக வளர்ந்தது. சுஹார்த்தோவின் பிள்ளைகள் இருவருக்கு அதில் 30 சதவீதப் பங்கு. அந்தோணி 1949ல் பிறந்த மூன்றாவது மகன். இங்கிலாந்தில் படித்துவிட்டு எழுபதுகளின் தொடக்கத்தில் தொழிலுக்கு வந்தார்.

போகசாரி மாவு ஆலையை மட்டும் கொஞ்சம் நின்று பார். இந்தோனேசியாவில் கோதுமை விளைவதில்லை. அரசின் பூலொக் அமைப்பு கோதுமையை இறக்குமதி செய்து ஆலைக்குக் கொடுக்கும். ஆலை அரைத்துக் கூலி வாங்கிக்கொள்ளும். கோதுமை விலை ஏறினாலும் டாலர் ஏறினாலும் அடி அரசுக்கு. இப்படி வரும் லாபத்தை வாரிசின் திறமைக் கணக்கில் எழுதிவிடாதே. கோப்பில் 'முப்பது ஆண்டு தொடர் லாபம்' என்று பார்த்தால், அந்த லாபத்தில் உரிமத்தால் வந்தது எவ்வளவு, சந்தையில் சம்பாதித்தது எவ்வளவு என்று பிரித்துக் கேள். 1998ல் பன்னாட்டு நிதியத்தின் நிபந்தனையால் பூலொக்கின் கோதுமை ஏகபோகம் போயிற்று. அதன் பிறகும் போகசாரி நின்றதென்றால், தாஞ்சோங் பிரியோக் துறைமுகத்தில் கப்பல் அணையும் சொந்தத் துறைமேடையும் குதிர்களும் இருந்ததுதான் காரணம். புதிதாக வருகிறவன் அதைக் கட்டி முடிக்கவே வருடங்கள் ஆகும்.

இனி 1998. 1997 நடுவில் ஒரு டாலருக்கு ஏறத்தாழ 2,400 ரூபியா. அடுத்த ஆண்டு 16,000ஐத் தாண்டிவிட்டது. ரூபியாவில் சம்பாதித்து டாலரில் கடன் வாங்கியிருந்த எல்லோருக்கும் தூங்கி எழுவதற்குள் கடன் ஆறேழு மடங்கு. மே மாதக் கலவரத்தில் ஜகார்த்தாவிலிருந்த லியெமின் வீடு கொளுத்தப்பட்டது. பெரியவர் அப்போது அமெரிக்காவில். பி.சி.ஏ. கிளைகளின் வாசலில் பணம் எடுக்கக் கூட்டம். மே 28 அன்று அரசின் வங்கி மீட்பு அமைப்பு வங்கியை எடுத்துக்கொண்டது.

கூட்டம் வந்ததால் வங்கி விழுந்தது என்று பலர் எழுதுகிறார்கள். உள்ளே இருந்த ஓட்டை வேறு. வைப்பாளர் பணம் சொந்தக் குழும நிறுவனங்களுக்கே வரம்பு மீறிக் கடனாகப் போயிருந்தது. பணத்தைத் திருப்ப அந்த நிறுவனங்களைக் கேட்டால், அவற்றுக்கு டாலர் கடன் கழுத்து வரை. ஒரே வீட்டுக்குள் ஒரு பையிலிருந்து மறு பைக்குப் போன பணம் இரண்டு பையும் ஒரே நாளில் கிழிந்தபோதுதான் வெளியே தெரிந்தது. இன்று உன் வங்கியில் 'பே.எம்.பே.கா.' என்று நாள் முழுக்கச் சொல்வார்களே, அந்தக் கடன் உச்சவரம்பு இதைத் தடுக்கத்தான்: தொடர்புடையவர்களுக்கு எல்லாம் சேர்த்து வங்கி மூலதனத்தில் 10 சதவீதம், தொடர்பில்லாத ஒரு கடனாளிக் குழுவுக்கு முதல்நிலை மூலதனத்தில் 25 சதவீதம். குழு என்பதில் யார் யாரைச் சேர்ப்பது என்பதில்தான் தகராறு வரும். பெயர் வேறாக இருப்பதை மட்டும் பார்த்துத் தனித்தனிக் கடனாளி என்று எழுதிவிடாதே.

அந்தோணியின் தொழில் வாழ்க்கையில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த ஆண்டு செப்டம்பரில் அவர் அரசோடு போட்ட ஒப்பந்தம். அரசுக்குத் தர வேண்டிய கடன் ஏறத்தாழ 52 லட்சம் கோடி ரூபியா என்று கணக்குத் தீர்த்து, நூற்றுக்கு மேற்பட்ட நிறுவனங்களின் பங்குகளை எழுதிக்கொடுத்தார். வங்கி போயிற்று. இந்தோசிமென்ட், கார்த் தொழில், எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள் என்று ஒப்படைத்தவற்றின் பட்டியல் நீளம். தோட்டங்களை மலேசியாவின் கத்ரி நிறுவனம் வாங்கியது. சிமென்ட் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் கைக்குப் போனது. வங்கி 2002ல் ஃபரலான் என்ற அமெரிக்க நிதி நிறுவனமும் ஜாரும் சிகரெட் குடும்பமும் சேர்ந்த கூட்டுக்கு. ஜாரும் பிறந்த ஊரும் கூடூஸ்தான் என்பது தற்செயல், ஆனால் வேடிக்கையான தற்செயல்.

ஒப்படைத்த சொத்துகளை விற்று அரசுக்கு மீண்டது கடனில் பாதிகூட இல்லை. ஆனாலும் ஒப்பந்தப்படி ஒப்படைத்தார் என்று 2004ல் கடன் தீர்ந்த சான்றிதழ் கொடுத்தார்கள். நட்டம் மக்கள் தலையில்தானே என்று இந்தோனேசியர்கள் இன்றும் கேட்கிறார்கள், நியாயமான கேள்வி. கடன் கொடுக்கிறவளாக நீ இரண்டையும் மனதில் வை. சில வங்கி முதலாளிகள் வெளிநாட்டில் போய் உட்கார்ந்துகொண்டு வருடக்கணக்கில் இழுத்தடித்தபோது, இவர் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார். அதே நேரம், எதைத் தக்கவைப்பது என்றும் துல்லியமாக முடிவு செய்திருந்தார்.

வைத்துக்கொண்டது நூடுல்ஸ், மாவு முதலியவற்றைச் செய்யும் உணவு நிறுவனமான இந்தோஃபூட். குடும்பம் பங்காளியாக 1981லேயே ஹாங்காங்கில் தொடங்கியிருந்த ஃபர்ஸ்ட் பசிஃபிக், 1999ல் அதன் 40 சதவீதத்தை 65 கோடி டாலருக்கு வாங்கியது. குடும்பத்தின் ஒரு கை விற்க, இன்னொரு கை பங்காளியாகிய நிறுவனம் வாங்கியது. பணம் கிடைத்தது, பிடியும் போகவில்லை. வெளிநாட்டில் வெளிநாட்டுப் பணத்தில் ஓடும் ஒரு நிறுவனம் முன்பே இல்லாதிருந்தால் இது நடந்திருக்காது.

ஏன் நூடுல்ஸ்? இந்தோஃபூடின் 'இந்தோமி' நூடுல்ஸில் மி கோரெங் பாக்கெட் ஒன்றைக் கிழித்து மேசையில் கொட்டிப் பார். நூடுல்ஸ் கட்டி, மசாலாத் தூள், எண்ணெய், இனிப்பு சோயா, மிளகாய்த் தூள், பொரித்த வெங்காயம். மாவு போகசாரியிலிருந்து. கட்டியைப் பொரிக்கிற பாமாயில், சோயா சாஸ், மேலுறைப் பிளாஸ்டிக் எல்லாவற்றுக்கும் குழுமத்திலேயே ஆலை உண்டு. அதை விற்கிற இந்தோமாரெத் கடைகள் 20,000க்கு மேல். வேலை போனவன் இறைச்சியை விடுவான், நூடுல்ஸை விடமாட்டான். கடைக்காரனிடமிருந்து பணம் நாள்தோறும் திரும்பும். சிமென்ட் ஆலைக்கு அப்படி இல்லை. மேடான் தமிழர் மாரிமுத்து சீனிவாசனின் டெக்ஸ்மாகோவை இங்கே ஒப்பிட்டுப் பார்: நெசவிலிருந்து இயந்திரம், லாரி வரை போன குழுமம். போட்ட முதல் திரும்பப் பல வருடம் பிடிக்கும் தொழில்கள். அதே நெருக்கடியில் அதன் கடன்களும் அந்த மீட்பு அமைப்பிடமே போய்ச் சேர்ந்தன.

பிற்பாடு விட்டதைத் திரும்பக் கட்டினார். 2004 முதல் இந்தோஃபூடின் தலைமை இயக்குநர். 2007ல் லண்டன் சுமத்ரா என்ற தோட்ட நிறுவனத்தை வாங்கி மறுபடி எண்ணெய்ப்பனைக்குள் வந்தார். அதில் தொழிலாளர் சட்ட மீறல் புகார்கள் எழுந்து, பாமாயில் தரச் சான்று அமைப்பான ஆர்.எஸ்.பி.ஓ.விலிருந்து 2019 தொடக்கத்தில் விலகும்படி ஆயிற்று. தோட்டம் உள்ள எந்தக் கோப்பிலும் சான்றிதழ் இன்று செல்லுமா என்று பார். பழைய ஆண்டறிக்கையில் இருக்கும் முத்திரையை நம்பாதே.

இனி கணக்குக்கு வருவோம். இந்தோஃபூட் சி.பி.பி. என்ற நூடுல்ஸ் நிறுவனம் 100 ரூபியா லாபம் ஈட்டினால், 80.5 சதவீதம் வைத்திருக்கும் இந்தோஃபூடுக்கு 80.5 ரூபியா. அதில் 50.1 சதவீதம் ஃபர்ஸ்ட் பசிஃபிக்குக்கு: ஏறத்தாழ 40. அதில் அந்தோணியின் பங்கு 45 சதவீதத்தை ஒட்டி: ஏறத்தாழ 18. ஆக, லாபத்தில் 18 ரூபியா சேருகிறவர் கையில் முழு நிறுவனத்தின் கடிவாளம். இது சட்டப்படி சரி. கோப்பில் நீ வரைய வேண்டிய முதல் படம் இதுதான், அம்புக்குறிகளோடு.

இந்தப் படம் இல்லாமல் 2020ஐப் புரிந்துகொள்ள முடியாது. சவுதி அரேபியா, நைஜீரியா, எகிப்து, துருக்கி, கென்யாவில் இந்தோமி செய்யும் பைன்ஹில் நிறுவனத்தை, இந்தோஃபூட் சி.பி.பி. ஏறத்தாழ 300 கோடி டாலருக்கு வாங்கியது. விற்றவர்கள் பக்கத்திலும் சலீமுக்குப் பங்கு. அறிவிப்பு வந்ததும் பங்கு விலை சரிந்தது. வெளிப் பங்குதாரர்கள் கேட்டது விலை அதிகமா என்பதைத்தான். விலையில் ஒரு பகுதியை, உறுதியளித்த லாபம் வரும்வரை நிறுத்தி வைத்தார்கள். அது நல்ல காப்பு. இப்படி ஒரு பரிவர்த்தனை வந்தால், வாங்கும் பக்கத்தில் அந்த ஆளின் கடைசிப் பங்கு எத்தனை சதவீதம், விற்கும் பக்கத்தில் எத்தனை என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுது. விற்கும் பக்கம் கூடுதலாக இருந்தால், விலை ஏற ஏற அவருக்கு லாபம். அவர் ஏமாற்றினார் என்று இதற்கு அர்த்தமில்லை. விலையைச் சுயேச்சையாக மதிப்பிட்டவர் யார், வாக்களித்தவர் யார் என்பதை நீ இரட்டிப்பாகப் பார்க்க வேண்டும்.

வாங்கியது பெரும்பாலும் கடனில். 2021ல் டாலர் பத்திரம் வெளியிட்டார்கள். அதனால் ரூபியா சரிகிற ஆண்டுகளில் நூடுல்ஸ் நன்றாக விற்றாலும் நிகர லாபம் சுருங்கிக் காட்டும். செயல்பாட்டு லாபத்தையும் அந்நியச் செலாவணி நட்டத்தையும் தனி வரியில் பிரித்துக்கொள். நைஜீரியாவின் நைரா 2023ல் விழுந்தது போன்ற அடிகளையும் சேர்த்து, வருமானம் எந்தப் பணத்தில், கடன் எந்தப் பணத்தில் என்று ஒரு பட்டியல் போடு. 1998ல் தவறியது இந்த ஒரு பட்டியல்தான்.

ஆவணங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெயருக்குப் பின்னால் 'டெ.பெ.கா.' இருந்தால் பொதுமக்களுக்குப் பங்கு விற்ற நிறுவனம், இல்லாதது தனியார். தனியாருக்குச் சட்ட அமைச்சகத்தின் ஏ.ஹா.ஊ. தளத்தில் நிறுவன விவரம் காசு கட்டி எடுக்கலாம். உண்மைப் பயனாளி யார் என்பதை 2018ன் 13ஆம் அதிபர் ஆணைப்படி அறிவித்திருக்க வேண்டும். ஆண்டறிக்கையில் 'பிஹாக் பெரெலாசி', அதாவது தொடர்புடையோர் பற்றிய குறிப்பை (கணக்குத் தரநிலை எண் 224, முன்பு 7) வரி வரியாகப் படி. ஒரு பொறி: இந்தோமார்கோ அடி பிரிமா இந்தோஃபூடின் விநியோக நிறுவனம், இந்தோமார்கோ பிரிஸ்மதாமா இந்தோமாரெத் கடைகளை நடத்துவது, இந்தோஃபூடின் கீழ் இல்லை. முதலாவதுக்கு விற்றால் குழுமக் கணக்கில் கழிந்துவிடும். இரண்டாவதுக்கு விற்றால் தொடர்புடையோருக்கு விற்பனை. பெயரில் ஒரு சொல்லைத் தவறவிட்டால் விற்பனைக் கணக்கே மாறிவிடும்.

கையெழுத்தையும் பார். நடத்துகிறவர்கள் 'திரெக்சி', மேற்பார்வை 'கோமிசாரிஸ்'. எவ்வளவுக்கு மேல் கடன் வாங்க கோமிசாரிஸ் ஒப்புதல் வேண்டும் என்பது ஒவ்வொரு நிறுவனத்தின் சாசனத்திலும் வேறு வேறு. நோட்டரி எழுதிய கடைசித் திருத்தம் வரை வாங்கிவிட்டுத்தான் ஒப்பந்தம் எழுது.

அந்தோணியின் மகன் ஆக்ஸ்டன் 2009 முதல் இந்தோஃபூடில் இயக்குநர். உன் கோப்பு எந்தக் குடும்பத்துடையதானாலும், அடுத்த தலைமுறை பற்றிப் படிப்பையும் பதவியையும் மட்டும் எழுதிவிட்டு நகராதே. கெட்ட ஆண்டில் அப்பா எதைக் கொடுக்க முன்வந்தார் என்று கோப்பிலேயே இருக்கும். மகனுக்கு அப்படி ஒரு ஆண்டு இன்னும் வரவில்லை என்றால் அதையும் அப்படியே எழுது. மதிப்பெண் கட்டத்தில் 'நிர்வாகம்' என்ற இடத்தில் அதற்கு இரண்டு வரி போதும்.

அன்புடன்,
அம்மா