பத்தாம் வகுப்பு வந்ததும் கம்பைப் பரணில் போட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிவகாசியில் அச்சகத்தில் வேலை பார்க்கிறேன். சிறுவயதில் பிடித்த சிலம்பக் கம்பை இன்னும் விடவில்லை; மாலையில் எங்கள் ஆசானுக்குத் துணையாகப் பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். ஜூன் மாதம் சிலம்பக்கூடம் நிறைந்திருக்கும். ஒன்பதாம் வகுப்பு முடிந்தால் பலரைக் காணோம். படிப்புக்காக நிறுத்துகிறோம் என்று பெற்றோர் சொல்வது சரி. ஆனால் நான் பார்த்தவரை, அந்தப் பிள்ளைகளுக்கு அதற்கு முன்பே மனசு விட்டுப்போயிருக்கும்.

முதல் வருஷம் அடிக்கடி புதுச் சுற்று கிடைக்கும். அப்புறம் ஒரு கட்டம் வரும். அதே காலடி, அதே வீச்சு, முன்னேறாத மாதிரியே இருக்கும். எனக்கு இடது கை அப்படித்தான் படுத்தியது. வலது கையில் விர்ரென்று சத்தம் வரும். இடதுக்கு மாற்றினால் கம்பு முழங்காலில் வந்து தட்டும். ஆசான் திட்டவில்லை. கம்பை வாங்கி வைத்துவிட்டு வெறுங்கையோடு காலடி மட்டும் போடச் சொன்னார். பிறகு இரண்டு பொடியன்களை என்னிடம் ஒப்படைத்தார். அவர்களுக்கு மெதுவாகக் காட்டிக் கொடுக்கும்போதுதான் பிடிபட்டது: கையில் கோளாறு இல்லை, திரும்பும்போது பின்கால் பிந்துகிறது. அந்த வருஷம் நான் நின்றுபோகாததற்கு அந்தப் பொடியன்கள்தான் காரணம்.

அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டில் சிலம்பமும் சேர்ந்திருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழகத்தில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில் செயல்விளக்க விளையாட்டாகவும் இடம்பெற்றது. எங்களுக்கெல்லாம் பெரிய சந்தோஷம். இருந்தாலும் சான்றிதழை மட்டும் நினைத்து வருகிற பிள்ளை ஒரு போட்டியில் தோற்றதும் நின்றுவிடுகிறது. கூடச் சுற்ற ஒரு கூட்டாளி இருக்கிற பிள்ளை, தோற்ற மறுநாளும் வருகிறது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பொதுத்தேர்வு வருஷத்தில் போட்டி வேண்டாம், புதுச் சிலம்பப் பாடமும் வேண்டாம். வாரத்தில் இரண்டு சாயங்காலம், அரைமணி நேரம், பழைய பாடத்தைச் சுற்றிவிட்டுப் போகட்டும். முழுசாக விட்ட பிள்ளை திரும்பி வருவது அபூர்வம். ஆசான்மார்களும் இந்த வயதுப் பிள்ளைகளிடம் சின்னவர்களை ஒப்படைத்துப் பார்க்கலாம்.

மணிக்கணக்கில் கம்பு சுற்றிய சாதனைப் படங்களைப் பத்திரிகையில் நிறையப் பார்க்கிறோம். பிளஸ் டூ தாண்டியும் விடாமல் வருகிறவர்களைப் பற்றியும் உங்கள் மாணவர் பக்கத்தில் எழுதுங்கள். கல்லூரி முடிந்து பஸ் இறங்கி நேராகக் கூடத்துக்கு வருகிற பெண் ஒருத்தி எங்களிடமே இருக்கிறாள். நிருபர் வந்தால் பேசத் தயாராக இருக்கிறாள்.

இப்படிக்கு,
சிலம்பப் பயிற்சியாளர் ஒருவர்,
சிவகாசி.